நாய் வழியாகப் பேசிய வீடு

என் அக்காவின் கணவரை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. அந்தக் குரலைக் குறை சொல்ல முடியாது. ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்று அவர் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கும். மைக்கைத் துடைப்பதற்கென்றே தனியாக ஒரு கைக்குட்டை வைத்திருந்தார். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வேறு ஆள் அதில் இருமிவிட்டான் என்று தெரிந்தால் ஒரு வாரத்துக்குப் புலம்புவார். கனிவான கவனம் என்று தினமும் வாய் நிறையச் சொன்ன மனுஷனுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தத்துவம். “பேசத் தெரிஞ்சவன் மனுஷன். மத்ததெல்லாம் சத்தம் போடுது, அவ்வளவுதான்.” டீக்கடையில் சொல்வார், முடி வெட்டிக்கொள்ளும்போது கத்திரிக்குக் கீழே தலையைக் கொடுத்துக்கொண்டே சொல்வார். தெருவில் காக்காய் கத்தினால் நின்று அதை ஒரு ஏளனப் பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். பாவம், காக்காய்க்கு அது தெரியாது.

எங்கள் தெருக்கோடியில் உள்ள நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை விவாதக் கூட்டம் நடக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் வீட்டில் ஓய்வு கிடைக்காதவர்களும் அங்கே வந்து கூடுவார்கள். மைக்தான் அங்கே ராஜா. ஒருமுறை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை தேனீக்களைப் பற்றிப் பேசினார். ஒரு தேனீ பூவைக் கண்டுபிடித்துவிட்டால் கூட்டுக்குத் திரும்பி வந்து ஆடிக் காட்டும், பூ எந்தத் திசையில் இருக்கிறது, எவ்வளவு தூரம் என்பதை மற்ற தேனீக்கள் அந்த ஆட்டத்திலிருந்தே தெரிந்துகொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். இவர் எழுந்தார்.

“டீச்சரம்மா, ஆடினா அது பேச்சா? எங்க ஆபீஸ் ஃபேன்கூடத்தான் ஆடுது. அது என்ன சொல்லுதுன்னு யாராவது கேட்டு எனக்குச் சொல்லுங்களேன்!”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அன்று மத்தியானம்தான் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் ஒரு நாயிடம் கேட்டதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

இதைக் கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்லவேண்டும்.

என் அக்கா நன்றாகக் கதை சொல்வாள். காய்கறி வாங்கப் போய் வந்ததைச் சொன்னாலே போதும், கடைக்காரன் குரல், பேரம் பேசிய அம்மாவின் குரல், நடுவில் புகுந்த சைக்கிள்காரன் குரல் என்று எல்லோரும் நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். சின்ன வயதில் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிடாமல் தட்டைக் காயவைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருநாள் மைக்கின் ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்த கதையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். திருடன் அப்போதுதான் சுவர் ஏறியிருந்தான். இவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியில் பேசும் அதே குரலில், “விஷயத்துக்கு வாம்மா” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். திருடன் சுவர் மேலேயே நின்றுவிட்டான். அன்றைக்கு மூடின வாயை அவள் அவரிடம் மறுபடி திறக்கவில்லை. அவராவது மறுநாள், “என்ன கோபமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கௌரவம் என்ன ஆவது? அவரும் மூடிக்கொண்டார்.

முதலில் இரண்டு பேருக்கும் நடுவே மகள்தான் தூது போனாள். “அப்பாகிட்ட சொல்லு,” “அம்மாகிட்ட சொல்லு” என்றே அந்தப் பெண் வளர்ந்தது. அவள் கல்யாணமாகிப் போனதும், அவர்கள் வீட்டு மாடி அறையில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் செய்துகொண்டிருந்த என் தலையில் அந்த வேலையைக் கட்டினார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. “டீ ஆறுதுன்னு சொல்லு” என்று அக்கா சொன்னால், “டீ ஆறுது, உங்க திமிரு மட்டும்தான் இன்னும் ஆறலை” என்று போய்ச் சொல்வேன். சீக்கிரமே என்னை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அந்த இடத்துக்கு வந்ததுதான் குட்டி. மகள் தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய். அவள் போன அடுக்குமாடி வீட்டில் நாய்க்கு அனுமதி இல்லாததால் இங்கேயே தங்கிவிட்டது. மண் நிறம், ஒரு காது எப்போதும் மடங்கியே இருக்கும். கிழடு தட்டியும் பெயர் குட்டிதான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே வாசற்படியில் படுத்திருக்கும். வேறு எங்கே படுப்பது? இரண்டு பக்கத்திலிருந்தும் உத்தரவு வரும்.

“குட்டி, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு.”

“குட்டி, சாயங்காலம் வரும்னு சொல்லு.”

குட்டி ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பேசியவர் முகத்தைப் பார்க்கும், பிறகு கேட்க வேண்டியவர் முகத்தைப் பார்க்கும், திரும்பத் தலையைக் கீழே வைக்கும். ஒரு வார்த்தை கூட்டாது, குறைக்காது. எனக்கு இல்லாத யோக்கியதை அது.

இந்தப் பேச்சுக்குச் சட்டமும் உண்டு. முடிவில் ‘சொல்லு’ என்று வந்தால் அது எதிர்த்தரப்புக்கு. ‘சொல்லு’ வராவிட்டால் அது நாய்க்கு மட்டும். அடுத்தவர் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருந்துவிட வேண்டும். யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் நீதிமன்றத்தில்கூட சட்டத்தை இவ்வளவு மதிக்க மாட்டார்கள். ஒருநாள் காலையில் அக்கா ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, “இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள் குட்டி” என்றாள். மூன்றடி தள்ளி அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ‘சொல்லு’ இல்லை. அதனால் பேப்பரைப் புரட்டினார். இன்னொரு நாள் அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, “எல்லார் முன்னாடியும் மேனேஜர் என்னை அசிங்கப்படுத்திட்டான்டா” என்று குட்டியிடம் சொன்னார். குரல் உடைந்திருந்தது. அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். என் அக்கா என்பதற்காக அவளை நான் விட்டுவிட மாட்டேன். அவளும் அந்தச் சட்டத்துக்குக் காவல் நின்றவள்தான்.

குட்டி மட்டும் அந்தச் சட்டத்தை மதிக்கவில்லை. வெங்காயம் நறுக்கும்போது அக்கா கண்ணில் தண்ணீர் வந்தால் அது அசையாது. நிஜமாகவே அழுதால் எழுந்து போய் அவள் காலில் தாடையை வைத்துக்கொள்ளும். மேனேஜர் திட்டின அன்று இரவு அது அவர் நாற்காலியை விட்டு நகரவே இல்லை. இரண்டு அழுகைக்கும் வித்தியாசம் அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். அதைத்தான் இவர் சத்தம் போடுகிற ஜாதி என்று நூலக மாடியில் வாய் கிழியப் பேசிவிட்டு வந்து, அதன் மூலமாகவே சாப்பாடு கேட்பார்.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் நூலகத்தில் கூட்டம். தலைப்பு, ‘விலங்குகளைவிட மனிதன் உயர்ந்தவனா?’ இவர் தலைப்பைப் பார்த்ததுமே விடுப்பு போட்டுவிட்டார். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கூடத்தில் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மாடியில் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. “விலங்குக்கு ஒலி உண்டு. மொழி உண்டா? தன் துன்பத்தை இன்னொரு உயிருக்கு எடுத்துச் சொல்லும் ஆற்றல் உண்டா?” ஏற்ற இறக்கத்தோடு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையலறையில் அக்கா, “என்னமோ பண்ணுது குட்டி. மூச்சு முட்டுது. கையெல்லாம் மரத்துப்போற மாதிரி இருக்கு” என்றிருக்கிறாள். இது பிறகு தெரிந்தது.

அவ்வளவுதான் சொன்னாள். முடிவில் ‘சொல்லு’ என்று வரவில்லை.

குட்டி கூடத்துக்கு ஓடிப்போய் இவர் பேண்ட்டைக் கடித்து இழுத்திருக்கிறது. இவர் காலை உதறியிருக்கிறார். அது குரைத்திருக்கிறது. இவர் ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அது பிஸ்கட்டை மோந்துகூடப் பார்க்காமல் மறுபடி இழுத்திருக்கிறது. பேச்சுக்கு இடைஞ்சல் என்று கழுத்துப் பட்டையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார். பிறகு விட்ட வரியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

மாடிப்படி கொல்லையில்தான் இருக்கிறது. மூட்டு வலியால் குட்டி மாடி ஏறுவதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. அன்று ஏறி வந்து என் கதவைப் பிறாண்டிற்று. நான், “ஏய், போ கீழே” என்று கத்தினேன். போகவில்லை. கதவைத் திறந்தபோது அது குரைக்கவில்லை. ஒரு படி இறங்கும், திரும்பி என் முகத்தைப் பார்க்கும், இன்னொரு படி இறங்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்தபடியே பின்னால் போனேன்.

அக்கா சமையலறைத் தரையில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. உடம்பெல்லாம் வேர்வை. கண் திறந்திருந்தது. கூடத்தில் மனித மொழியின் மகத்துவம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“யோவ்!” என்று நான் போட்ட சத்தத்தில்தான் அது நின்றது. என் அக்கா புருஷனை நான் யோவ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு. டாக்டரம்மா வெளியே வந்து எங்களிடம் விசாரித்தார்.

“எப்ப ஆரம்பிச்சது? யார்கிட்டயாவது முன்னாடியே சொன்னாங்களா?”

மைக் தொண்டையைச் செருமினார். “நாய்கிட்ட சொன்னாங்க.”

“என்னது?”

“எங்க வீட்டு நாய்கிட்ட. மூச்சு முட்டுது, கை மரத்துப்போகுதுன்னு.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்து ரூம்ல.”

“உங்களுக்குக் கேக்கலையா?”

“கேட்டுது. ஆனா எனக்குன்னு சொல்லலீங்க.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இது என்ன மாதிரி குடும்பம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலத்தான் இருந்திருக்கும் எனக்கு. “இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கணும். இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வராந்தாவில் நான் அவரைச் சுவரோரம் நிறுத்தினேன். “கேட்டும் எப்படிய்யா நின்னீங்க?”

“சொல்லுன்னு முடிப்பான்னு காத்துக்கிட்டுதான் இருந்தேன் மச்சான். கடைசி வரைக்கும் அவ முடிக்கல.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நியாயம் தன் பக்கம்தான் என்ற களை இருந்தது. அடித்திருப்பேன். ஆஸ்பத்திரி என்பதால் பொறுத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் கழித்து அவர் நூலகச் செயலாளருக்கு ஃபோன் செய்தார். “என் துணைவியார் எதிர்பாராத விதமாக உடல்நலம் குன்றியிருப்பதால்…” என்று உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லாமல், மன்னிப்பு, வருத்தம், நன்றி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். உள்ளே கட்டிலில் கிடந்தவளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

மறுநாள் அக்கா கண் விழித்ததும் உள்ளே போனார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்திலிருந்த நர்ஸிடம், “தண்ணி குடிச்சாங்களான்னு கேளுங்க” என்றார். அந்தப் பெண் ஊசியைத் தட்டிக்கொண்டே, “முழிச்சுத்தான சார் இருக்காங்க, நீங்களே கேளுங்க” என்றாள். ஆஸ்பத்திரியில் நாய்க்கு அனுமதி இல்லை. இவர் வெளியே வந்துவிட்டார்.

மகள் வந்தாள். அவள் இப்போது தோட்டத்தோடு தனிவீடு கட்டிக்கொண்டு போயிருந்தாள். “அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன் மாமா. குட்டியும் வரட்டும். இந்த வீட்டுல இனிமே ஒருநாள்கூட அவங்களை விட மாட்டேன்” என்று என்னிடம் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆனால் அக்கா வீட்டுக்கு வந்து துணிமணி எடுத்துவைக்கும்போது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“டேய், எனக்குப் போகணும்னு இல்ல. என் மூஞ்சியப் பாத்து ‘இரு’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இருந்துடுறேன்.”

“போய் அவர்கிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லாத. தானா வரட்டும்.”

நான் எப்போது அடுத்தவர் சொன்னபடி நடந்தேன்? நேராகப் போய் அவரிடம் சொல்லிவிட்டேன், அந்த ஒரே ஒரு தடவை ஒரு வார்த்தை கூட்டாமல். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லாம இருப்பேனா மச்சான்? அவ இல்லாம எனக்கு யாரு? நேரம் பாத்துச் சொல்லிடுறேன்” என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெட்ட மனுஷன் இல்லை அவர்.

ராத்திரி தூங்கப் போனவர் விடிந்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்றுகொண்டார். படியில் நின்று கேட்டேன். ஒத்திகை நடந்தது. “இரு.” “இருந்துவிடு.” “நீ போக வேண்டாம்.” கனத்த குரலில் ஒருமுறை, மெல்லிய குரலில் ஒருமுறை. எல்லாமே நன்றாகத்தான் இருந்தது. மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம்.

கார் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினோம். மகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். அக்கா பின் இருக்கையில் ஜன்னல் பக்கம், குட்டி அவள் மடியில் பாதி, இருக்கையில் பாதி. அக்கா ஜன்னல் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டாள். எதற்கு இறக்கினாள் என்று எனக்குத் தெரியும். தெருவில் பார்த்துக்கொண்டிருந்த எவனுக்குமே தெரிந்திருக்கும்.

மைக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ஜன்னலருகே குனிந்தார். அக்கா முகத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம் இருக்குமா? அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் உதடு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அப்புறம் கண் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

“குட்டி,” என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அடைத்துப்போய், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் இருந்தது. “போகாதடா. நீ இல்லாம இந்த வீட்டுல நான் எப்படிடா இருப்பேன்? என்னால முடியாதுடா குட்டி.”

குட்டி அவர் கையை நக்கிற்று. நக்கிவிட்டு, தலையைத் திருப்பி அக்கா முகத்தைப் பார்த்தது. அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு முழம் தூக்கினால் போதும். கடலைத் தாண்டச் சொல்லவில்லை. மனுஷப் பிறவி என்று அத்தனை பீற்றல் பீற்றியவருக்கு அந்த ஒரு முழம் முடியவில்லை.

அக்கா காத்திருந்தாள். நிறைய நேரம் காத்திருந்தாள். பிறகு கண்ணாடியை மெதுவாக ஏற்ற ஆரம்பித்தாள்.

நான் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்தேன். “அக்கா, அது உனக்குத்தான்க்கா சொன்னாரு! உனக்குத் தெரியலையா?”

“தெரியும்டா,” என்றாள் அக்கா. “அன்னிக்கு நான் சொன்னது யாருக்குன்னு அவருக்கும் தெரியும்.”

மகளின் தோளைத் தொட்டாள். கார் நகர்ந்தது. குட்டி பாதி ஏறின கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டி, அவரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே போயிற்று. அவர் கையைத் தூக்கி அசைத்தார். அப்போதும் நாய்க்குத்தான் அசைத்தார்.